அரிச்சுவடியில் உளி பிடித்த கை

வங்கநாட்டிலே எழுத்தறியத் தொடங்கும் பிள்ளைகள் பலர், 1930ஆம் ஆண்டு தொட்டு இற்றைவரை, ஒரு சிறு நூலைக் கையிலேந்தியே தம் தாய்மொழியின் முதலெழுத்தை அறிந்து வருகின்றனர். சகஜ பாடம் என்பது அந்நூலின் பெயர். எளிய பாடம் என்பது அதன் பொருள். அதனை யாத்தவர் இரவீந்திரநாத தாகூர். உலகம் போற்றும் கவிஞர் ஒருவர், அறுபத்தொன்பது வயதை எட்டிய காலத்தில், குழந்தைகளுக்கு அரிச்சுவடி எழுத அமர்ந்தார் என்பதே வியப்புக்குரியது. ஆயினும் அந்நூலைத் திறக்கும் பிள்ளையின் கண், கவிஞரின் சொல்லுக்குச் செல்லுமுன், பக்கந்தோறும் கறுப்பும் வெள்ளையுமாய் நிற்கும் சித்திரங்களிலே சென்று தங்கிவிடுகின்றது. அவற்றில் நீலமுமில்லை, சிவப்புமில்லை. இருளிலிருந்து வெள்ளுருவங்கள் எழுந்து வருவனபோல அவை தோன்றும்.

அச்சித்திரங்கள் தூரிகையால் தீட்டப்பட்டவையல்ல. வீட்டுத் தரையில் விரிப்பதற்கென மேனாட்டார் செய்த லினோலியம் என்னும் விரிப்பின் துண்டை எடுத்து, அதன் முகத்தைச் சிற்றுளியாற் குடைந்து, மை உருட்டித் தாளில் ஒற்றியெடுத்த அச்சோவியங்கள் அவை. அவற்றை ஆக்கியவர் நந்தலால் போஸ். சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தின் தலைமையை 1922இல் ஏற்று 1951இல் ஓய்வுபெறும் வரை தாங்கிய பேராசான் அவர். அவர் தீட்டிய புராண ஓவியங்களையும் சுவரோவியங்களையும் பற்றி எழுதினோர் பலர். யானோ ஒரு பள்ளி ஆசிரியன். ஆதலின், உளியும் மையும் கொண்டு மாணாக்கரின் கண்ணைத் திறந்த ஆசிரியராகவே அவரை ஈண்டு நோக்க விழைகின்றேன்.

நந்தலால் 1882 டிசெம்பர் 3ஆம் நாள் பீகாரின் முங்கேர் மாவட்டத்துக் கரக்பூரிலே ஒரு வங்கக் குடும்பத்திற் பிறந்தார். தந்தையார் பூரணசந்திர போஸ் தர்பங்கா சமஸ்தானத்திற் பணியாற்றியவர். தாயார் க்ஷேத்திரமணி தேவி, மகனுக்கென விளையாட்டுப் பொருள்களையும் பொம்மைகளையும் தம் கையாலேயே செய்து கொடுக்கும் திறமுடையவர். நந்தலால் எட்டு வயதளவிலேயே அவ்வன்னையை இழந்தார். ஊரிலே மண் பொம்மை வனையும் குயவரும் பூசைக்குத் திருவுருவம் அமைக்கும் கைவினைஞருமே அதன்பின் அவருக்கு ஆசிரியராயினர். பதினைந்து வயதளவிற் கல்கத்தா சென்று பள்ளிக்கல்வியை முடித்தார். கல்லூரித் தேர்வுகளோ அவருக்குக் கைகூடவில்லை. வணிகக் கல்வியிலே சேர்த்துப் பார்த்தனர், அதுவும் ஒட்டவில்லை. தேர்விலே தவறிய பிள்ளையைத் தறுதலை என்று தள்ளிவிடும் வழக்கம் நம்மவரிடையே இன்றும் உண்டு. நந்தலாலின் நல்லூழ், அவர் தவறிய இடத்திலிருந்து அவனீந்திரநாத தாகூரின் வாயிலிற் போய் நின்றமை. கல்கத்தா அரசினர் கலைப்பள்ளியில் அவனீந்திரர் அவரைத் தம் மாணாக்கராக ஏற்றார். ஐந்தாண்டு அங்கே பயின்றார்.

1909ஆம் ஆண்டின் இறுதியில், ஆங்கிலப் பெருமாட்டி ஹெரிங்காம் அஜந்தா குகை ஓவியங்களைப் படியெடுக்க வந்தபோது, நிவேதிதை அம்மையாரின் தூண்டுதலால் நந்தலாலும் தோழர் சிலரும் துணை சென்றனர். பழைய சுவரோவியக் கோட்டின் உறுதி அவர் கைக்கு வந்தது அங்கேதான். அக்காலத்தில் நம் நாட்டாரொருவரோடும் அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. கொழும்பிலே சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராய்ப் பிறந்த ஆனந்த குமாரசுவாமியே அவர். நிவேதிதை தொடங்கி வைத்து 1911இல் மறைந்தபின் குமாரசுவாமி நிறைவு செய்த இந்து, பௌத்த புராணக் கதை நூல் 1913இல் வெளிவந்தது. அந்நூலின் படங்களை வரைந்தவருள் நந்தலாலும் ஒருவர்.

இளமைக்கால நந்தலாலின் ஓவியங்களை மிக உயர்த்திப் பேசுதல் வழக்கு. யான் அவற்றைச் சற்று ஐயத்தோடேயே பார்ப்பதுண்டு. அவனீந்திரர் மரபிலே தாளை நீரில் நனைத்து நனைத்து நிறத்தைப் படியவிடும் முறை ஒன்றிருந்தது. அம்முறையில் எல்லாம் பனிமூட்டத்துள் நிற்பன போலிருக்கும். எது உருவம், எது நிழல் என்று கண் துணியாமலே மயங்கிக் களிக்கும். அம்மயக்கத்தைக் கலைத்தவற்றுள் உளியும் ஒன்றென்பது என் துணிபு. உளியிடம் மூட்டத்துக்கு இடமில்லை. குடைந்த இடம் வெள்ளை. விட்ட இடம் கறுப்பு. இரண்டில் ஒன்றைத் தெரிந்தே ஆகவேண்டும். நீண்ட உரை எழுதப் பழகியவனைச் சூத்திரம் செய்யச் சொன்னால் எந்நிலை எய்துவனோ, தூரிகைக்காரன் உளியை எடுக்கையில் அந்நிலையே எய்துகின்றான்.

அச்சோவிய ஆர்வம் தாகூர் இல்லத்திலே 1915ஆம் ஆண்டளவிலேயே முளைவிட்டது. யோராசாங்கோ மாளிகையில் விசித்திரா என்னும் கலைக்கூடம் தோன்றியது. நந்தலால் அங்கே கற்பித்தார். ககனேந்திரநாதர் தம் கேலிச்சித்திரங்களைக் கல்லச்சில் வெளியிட்டார். இளைஞர் முகுல் தே 1916இல் தாகூருடன் யப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று, செப்புத்தகட்டை அமிலத்தால் அரித்துப் படமெடுக்கும் வித்தையைக் கற்று மீண்டார். 1922 டிசெம்பரிலே கல்கத்தாவில் ஒரு கண்காட்சி நிகழ்ந்தது. யேர்மனியின் பௌஹௌஸ் கலைக்கூடத்தாரின் படைப்புகள், அச்சோவியங்களுமாக, அங்கே வந்து வங்க ஓவியரின் படைப்புகளோடு ஒரே கூரையின்கீழ்த் தொங்கின. ஒரு நாட்டின் மூலவோவியம் கடல் கடப்பது அரிது. அச்சோவியமோ தாளாய், பல படியாய் இருத்தலால் ஒரு பெட்டியில் அடங்கிக் கப்பலேறிவிடும்.

கலாபவனத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. பிரெஞ்சு ஓவியர் அந்திரே கார்ப்பலே அம்மையார் 1920களின் முற்பகுதியில் அங்கே தங்கி மாணாக்கருக்கு மரச்செதுக்கு அச்சைக் கற்பித்தார். 1924இல் தாகூர் சீனத்துக்கும் யப்பானுக்கும் சென்றபோது நந்தலாலும் உடன் சென்றார். திரும்புகையில் அவர் கொணர்ந்தவற்றுள் சீனத்துக் கற்சிற்பங்களின் மைப்படிகளும் இருந்தன. ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒட்டி, மைப்பொதியால் ஒற்றி, குழிந்த இடம் வெள்ளையாகவும் எழுந்த இடம் கறுப்பாகவும் வர எடுக்கும் முறை அது. நம் கல்வெட்டாராய்ச்சியாளர் எழுத்தைப் படியெடுப்பதும் இம்முறையினாலேயே. யப்பானிய வண்ண மரவச்சு, சீன மைப்படி, ஐரோப்பிய மரச்செதுக்கு, கல்கத்தாக் கடைத்தெருவிலே விற்கும் காளிகாட்டுப் படம் ஆகிய யாவும் சாந்திநிகேதனத்து மாணாக்கன் கண்முன் வந்து சேர்ந்தன. இவற்றுள் ஒன்றே உயர்ந்தது, ஏனையவை தாழ்ந்தவை என்னும் பாகுபாட்டை நந்தலால் செய்தாரல்லர்.

அச்சோவியத்தின் வகைகளை மாணாக்கருக்கு விளக்கப் புகும் தமிழாசிரியனுக்கு நம் ஓலைச்சுவடியே கைகொடுக்கும். எழுத்தாணியாற் கீறிய ஓலையிலே கரியைப் பூசித் துடைத்தால், மேற்பரப்பிலுள்ள கரி நீங்கக் கீறலுக்குள் உள்ளது தங்கி எழுத்தைக் காட்டும். செப்புத்தகட்டு அச்சின் தத்துவம் இதுவே; குழியிலே மை நிற்கும். மரச்செதுக்கும் லினோலியச் செதுக்கும் இதற்கு நேர்மாறானவை. அவற்றிற் குழி வெறுமையாய் இருக்க, குடையாது விட்ட மேட்டிலே மை ஏறும். கல்லச்சிலோ குழியுமில்லை, மேடுமில்லை. எண்ணெயும் நீரும் ஒட்டா என்னும் இயல்பையே துணையாகக் கொண்டு படம் பிறக்கும். எம்முறையாயினும், தாளை நேரே பலகையில் ஒற்றினால் வலம் இடமாகும். எழுத்தைச் செதுக்குவோன் அதனைக் கண்ணாடியிற் காண்பதுபோலத் திருப்பியே செதுக்கல் வேண்டும்.

லினோலியத்துக்கு வருவோம். ஆளிவிதை நெய்யையும் தக்கைத் தூளையும் பிசைந்து சணற் துணிமேற் படியவைத்த பொருள் அது. மரம்போல அதற்கு நரம்பில்லை; உளி எத்திசையிலும் இடறாது செல்லும். விலையும் குறைவு. பெரிய பொறி வேண்டுவதில்லை. தாளின் முதுகைக் கரண்டியின் புறத்தால் தேய்த்தாலும் படம் இறங்கிவிடும். மேனாட்டு விற்பன்னர் சிலர் இதனைப் பிள்ளை விளையாட்டென்று இகழ்ந்ததுண்டு. நந்தலால் அதனை இகழாமல் கையிலெடுத்தார்.

1930 மார்ச் 12ஆம் நாள் காந்தியடிகள் சபர்மதியிலிருந்து தண்டிக் கடற்கரை நோக்கி உப்புக்காகப் புறப்பட்டார். வயது அறுபது, வழி ஏறத்தாழ 240 மைல். ஏப்ரில் 6ஆம் நாள் உப்பை அள்ளினார். மே மாதத் தொடக்கத்திலே சிறைப்பட்டார். அவ்வாண்டிலே நந்தலால் ஒரு லினோலியத் துண்டில் அடிகளின் நடையைச் செதுக்கினார். பாபுஜி என்று வழங்கும் அப்படத்தை நேயர் பலர் கண்டிருப்பர். கரிய வெளியிலே வெள்ளைக் கோடுகளால் ஒரு கிழவர். கையில் ஒரு கோல். சற்றே முன்சாய்ந்த உடல். எடுத்து வைத்த அடி. கூட்டமில்லை, கடலில்லை, கொடியில்லை. அந்நடையைப் புகைப்படங்கள் பல பதிவு செய்துள்ளன. ஆயினும் தண்டி யாத்திரை என்றதும் பலர் உள்ளத்தில் எழுவது இச்செதுக்குருவமே. வண்ண ஓவியமாய் இருந்திருப்பின் ஒரு செல்வர் மாளிகையிலோ ஒரு காட்சிச்சாலையிலோ ஒடுங்கியிருக்கும். அச்சோவியமாதலின் பலர் கைக்குச் சென்றது. எளிய அச்சுக்கூடமும் அதனைக் கெடாமல் மீள அச்சிட வல்லதாயிற்று.

அதே ஆண்டிலே, அதே கருவியாலே, சகஜ பாடப் படங்கள். ஒரு தேசத்தின் எழுச்சிக்கும் ஒரு குழந்தையின் முதலெழுத்துக்கும் அவர் வெவ்வேறு தரம் வைத்தாரல்லர் என்பதை ஆசிரியராயுள்ளோர் நின்று நினைத்தல் வேண்டும். பாடநூற் படமென்றால் ஏனோதானோவென்று எவரேனும் வரைந்து தரலாம் என்பது எங்கும் நிலவும் எண்ணம். நம் நாட்டிலே ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் அமைத்தார்; பாலபாடங்களையும் இயற்றி வெளியிட்டார். பிள்ளைகளுக்கான நூல்தானே என்று ஓரெழுத்தேனும் பிழைபட விடாத கண்டிப்பு அவருடையது. சொல்லில் நாவலர் கொண்ட அக்கண்டிப்பைப் படத்திலே கொண்டவர் நந்தலால் எனலாம். சகஜ பாடத்திலே சிற்றூர் வாழ்க்கையே படமாகின்றது. எழுத்தும் படமும் ஒரே கறுப்பால் அமைந்தமையால், குழந்தைக்கு எழுத்தும் ஓர் உருவமாகவே தோன்றும்.

அவர் கற்பித்த முறையைப் பற்றிச் சில சொல்லல் தகும். கலாபவனத்தில் ஆசிரியர் தனியே, மாணாக்கர் தனியே என்றில்லை. அவர் தாமும் அருகிருந்து வேலை செய்வார். எங்கு சென்றாலும் வெற்றஞ்சலட்டைகளை உடன் கொண்டுசெல்வார். வழியிற் கண்ட மாடு, மரம், மனிதர் எனச் சில கோடுகளில் தீட்டி, கடிதத்துக்கு மாறாக அவற்றை மாணாக்கருக்கும் நண்பருக்கும் அனுப்புவார். ஆசிரியரின் கையெழுத்தோடு ஒரு மாடு அஞ்சலிலே வந்திறங்கினால் மாணாக்கன் நாளை எதைக் காண்பான்? மாட்டைக் காண்பான்!

இவ்விடத்தில் என் இளமைக்கால நினைவொன்று குறுக்கிடுகின்றது. யான் பயின்ற பாடசாலையொன்றிலே சித்திர வகுப்பென்றால் மேசைமேல் ஒரு செம்பு. ஆண்டு முழுவதும் அதே செம்பு. யன்னலில் வந்திருந்த காகத்தை ஒருநாள் வரைந்துவிட்டேன். உள்ளங்கையிலே பிரம்படி மூன்று கிடைத்தது. அதன்பின் நாற்பதாண்டுகள் யான் எதையும் வரைந்தவனல்லேன்.

படம் ஓவியனை மட்டுமன்றிக் கவிஞனையும் எழுப்பும் என்பதற்குத் தாகூரே சான்று. 1933இல் வெளிவந்த விசித்ரிதா என்னும் தொகுதியில், ஓவியர் பலரின் படங்களைப் பார்த்துப் பார்த்துக் கவிதைகள் யாத்தார்; நூலை நந்தலாலுக்கே உரிமையாக்கினார். கவிதைக்குப் படம் வரைவித்தல் உலக வழக்கு. படத்துக்குக் கவிதை எழுத முற்பட்ட முதியவரின் துணிவு தமிழ் வகுப்பிற்கும் உரியதென்று எனக்குத் தோன்றியது. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

1934இல் தாகூர் தம் குழுவினருடன் இலங்கைக்கு வந்தபோது நந்தலாலும் உடன் வந்தார். பின்பு 1936இல், நம் நாட்டுத் தேசிய கீதத்துக்கு இசையமைத்த ஆனந்த சமரக்கோன் ஓவியமும் இசையும் பயிலச் சாந்திநிகேதனம் சென்று சில மாதங்கள் தங்கினார். 1938இல் ஹரிபுராக் காங்கிரசு மாநாட்டுக்கென உழவர், தச்சர், பறையறைவோர் முதலானோரின் உருவங்களை நந்தலால் தட்டிகளாகத் தீட்டியதும், மாணாக்கர் அவற்றைப் படியெடுத்துப் பெருக்கியதும் பலரறிந்த செய்தி. இந்திய அரசியலமைப்பின் கையெழுத்துப் பிரதிக்கு அவரும் மாணாக்கரும் அணிசெய்தனர். அப்பிரதி தெஹ்ராதூனில் நில அளவைத் திணைக்களத்தாரால் ஒளிக்கல்லச்சு முறையிற் பெருக்கப்பட்டமையைச் சிலரே அறிவர். 1954இல் பத்ம விபூஷண் விருது வந்தது.

விருதினும் பெரிது மாணாக்கர் வரிசை. இரமேந்திரநாத சக்கரவர்த்தி சாந்திநிகேதனத்து மரச்செதுக்கைக் கல்கத்தாக் கலைப்பள்ளிக்குக் கொண்டு சென்றார். அவரிடம் ஹரேன் தாஸ் பயின்றார். வினோதவிகாரி முகர்ஜியும் ராம்கிங்கர் பைஜும் கலாபவனத்திலேயே ஆசிரியராயினர். 1940இல் வந்து சேர்ந்த சத்தியஜித் ராய் இரண்டாண்டளவே பயின்று நீங்கினார். திரைப்படத்துக்கு முன்னே நூலட்டைகளில் அவர் காட்டிய கறுப்பு வெள்ளைத் திறம் எங்கிருந்து வந்ததென்று ஊகித்தல் அரிதன்று. நந்தலால் 1966 ஏப்ரில் 16ஆம் நாள் கல்கத்தாவிற் காலமானார். மூன்றாண்டு கழித்து, வங்கப் பஞ்சத்தைக் கண்ணாற் கண்டு செதுக்கிய சோமநாத ஹோர் கலாபவனத்து அச்சோவியத் துறைக்கு வந்தார். 1973 முதல் ஆண்டுதோறும், நந்தலால் பிறந்தநாளை ஒட்டி, கலாபவனத்தில் நந்தன் மேளா என்னும் சந்தை கூடி வருகின்றது. மாணாக்கரும் ஆசிரியரும் ஆக்கிய பொருள்கள் எளியவர் வாங்கக்கூடிய விலையிலே அங்கு விற்கப்படும். பணம் மாணாக்கர் நலநிதிக்குச் செல்லும்.

இனி என் வகுப்பு. சென்ற ஆண்டு கட்டுரைப் பாடவேளையில் நான்கு அச்சோவியங்களின் பிரதிகளைச் சுவரிலே குத்தினேன். யப்பானிய ஹொக்குசாயின் பேரலை, 1515இல் யேர்மானியர் தூரர் மரத்திற் செதுக்குவித்த காண்டாமிருகம், பாபுஜி, சகஜ பாடத்தின் ஒரு பக்கம் ஆகியவை அவை. விளக்கம் எதுவும் கூறாமல், ஒன்றைத் தெரிந்து எழுதுமாறு பணித்தேன். கரையோர ஊர் மாணாக்கன் ஒருவன், எல்லாரும் அலையை வியக்க, அலைக்கு முகம் கொடுத்து நிற்கும் மூன்று படகுகளையும் அவற்றிற் குனிந்து கிடப்போரையும் பற்றியே எழுதினான். படகைக் குறுக்கே திருப்பினால் என்னாகும் என்பதை என்னிலும் நன்றாக அறிந்திருந்தான்.

காண்டாமிருகத்தைத் தூரர் கண்ணாற் கண்டதேயில்லை. கண்டோர் அனுப்பிய குறிப்பையும் வரைபையும் கொண்டே அதனை ஆக்கினார் என்று பிறகு சொன்னேன். மாணவியொருத்தி அதனைக் கேட்டு நெடுநேரம் பேசாதிருந்தாள். அடுத்த வாரம் அவள் கொணர்ந்த கட்டுரை ஒரு வீட்டைப் பற்றியது. 1990இல் அவள் குடும்பத்தார் விட்டுப் பெயர்ந்த வீடு அது. அவள் பிறந்ததோ அதற்கு நெடுங்காலம் பின்னர். கண்டிராத அவ்வீட்டின் விறாந்தையையும் தூணையும் கிணற்றையும் முற்றத்து மாவையும் அம்மம்மாவின் சொல்லைக் கேட்டே எழுதியிருந்தாள். இலக்கணப் பிழை இரண்டு கண்டேன். அன்று சிவப்பு மை தொடவில்லை.

லினோலியம் இங்கே கடைகளில் எளிதிற் கிடைப்பதில்லை. தேய்ந்த செருப்பின் றப்பரை வெட்டிக் கொடுத்து, வீட்டைச் செதுக்கிப் பார்க்கச் சொன்னேன். பேனாக்கத்தியாற் குடைந்து, முத்திரை மையை ஒற்றி, கரண்டியால் தேய்த்து எடுத்தாள். கோடுகள் கோணலாய் இருந்தன. தூண் மட்டும் நேராய் நின்றது. தாளை வீட்டுக்குக் கொண்டு சென்றாள். அம்மம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்திருக்கின்றார். பார்த்தபின், எல்லாம் சரி, கிணறு மட்டும் வாசலுக்கு மற்றப்பக்கம் என்று சொல்லியிருக்கின்றார்.

மறுநாட் காலை, மணியடிக்கு முன்னமே, புதிதாய் ஒரு றப்பர்த் துண்டு கேட்டு அவள் வாசலில் வந்து நின்றாள்.